போகிற காற்றும் வருகிற காற்றும்

பூமி ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்த அந்தக் காலத்தில், கிழக்கே கடலுக்கு மேல் ஒரு பனை உயரத்தில் சூரியன் நின்றுகொண்டே இருந்தது. ஏறாது, இறங்காது. கரையில் இருந்தவர்களுக்கு எப்போதும் விடிந்தும் விடியாத வெளிச்சம்தான். ஊருக்குப் பின்னால் மேற்கே நடந்தால் மங்கலாகும். இன்னும் நடந்தால் கும்மிருட்டு. அதற்கும் அப்பால் எல்லாம் பனியாக உறைந்து கிடக்கிறது என்று ஆந்தைகள் சொல்லிக்கொண்டன. கிழக்கே கடலுக்குள் போகப் போக வெயில் ஏறும். நடுக்கடல் தகிக்கும். ஆந்தை, நண்டு, மனுசர், காற்று எல்லாருக்கும் அப்போது ஒரே பேச்சுதான். பூமிக்கும் பேசத் தெரியும். ஆனால் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுத்ததில்லை.

பகலும் இரவும் இல்லாத ஊர் எவ்வளவு கோளாறு பிடித்த ஊர் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பாட்டுக்கு விடிந்ததும் எழுந்து, இருட்டியதும் படுத்து, சொகுசாகப் பழகிவிட்டீர்கள். அங்கே ஒருத்தி மீன் கழுவும்போது பக்கத்து வீட்டுக்காரன் குறட்டை விடுவான். கல்யாணம் என்று கூப்பிட்டால் பாதிச் சனம் தூக்கத்தில் இருக்கும். எப்போது கூவுவது என்று தெரியாமல் சேவல் எப்போதும் கூவித் தொலைக்கும். பூவெல்லாம் மலர்வதா வேண்டாமா என்று பாதி திறந்த வாயோடு நிற்கும். ‘நேற்று’ என்று ஒரு சொல்லே கிடையாது. அதனால் நேற்று நீ என்ன சொன்னாய் என்று கேட்டு எவனையும் மடக்கவும் முடியாது.

அந்தக் கரைக்குக் காற்றும் ஒன்றே ஒன்றுதான். கச்சான் என்று பெயர். மேற்கே இருட்டிலிருந்து கிளம்பி, ஊரைத் தாண்டி, கடலுக்குள் ஓடுவான். நிற்க மாட்டான், திரும்ப மாட்டான். அதனால் கடலுக்குப் போவது சுலபம். கட்டுமரத்தில் ஏறி உட்கார்ந்தால் போதும், கச்சான் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவான். வருவதுதான் பாடு. எதிர்காற்றில் துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள்பட்டை கழன்றுவிடும். ஆகவே கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தைத் தாண்டி யாரும் போவதில்லை. எல்லா மரமும் அதே துண்டுக் கடலில் வலை போட்டால் மீன் எங்கேயிருந்து வரும்? கடைசியில் வலையில் பாசிதான் ஏறியது.

அந்தக் கரையில் பூமயில் என்று ஒருத்தி கருவாடு போட்டுப் பிழைத்தாள். சூரியன் பக்கவாட்டில் நின்றதால் மீனின் ஒரு பக்கம்தான் காயும். காயக் காய அதைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெடுக்கென்று புரட்டினால் தோல் உரிந்து பாயோடு ஒட்டிக்கொள்ளும். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் அடிப்பக்கம் புழு வைக்கும். பூமயில் புரட்டிய மீனில் ஒரு செதில்கூடப் பெயராது. கை அப்படிப் பதவிசு. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவள் புருசன் சடையனோ பேசவே மாட்டான். பேசினால் அதில் ஏதாவது வில்லங்கம் இருக்கும்.

அப்படித்தான் ஒரு தடவை வாயைத் திறந்தான்.

“மயிலு, இந்தப் பனையோலைப் பாயைக் கொஞ்சம் குடேன்.”

“எதுக்கு? மரத்துல விரிச்சுப் படுக்கவா?”

“நட்டமா நிறுத்திக் கட்டினா கச்சான் வந்து இதுல முட்டுவான். அவன் முட்டினா மரம் ஓடும். தூரத்துல மீன் குமிஞ்சு கிடக்காம், ஆமை சொல்லிச்சு.”

“போறது சரி. வர்றது?”

“கை இருக்குல்ல.”

பூமயில் பாயைப் பார்த்தாள். அதில் காயப் போட ஒரு நெத்திலிகூட இல்லை. சுருட்டி எடுத்துக் கொடுத்தாள். தன் கையால்தான் கொடுத்தோம் என்பதை அவளால் பிற்பாடு மறக்கவே முடியவில்லை.

சடையன் மரத்தின் நடுவில் ஒரு கம்பை நட்டுப் பாயைக் கட்டினான். கச்சான் ஓடிவந்து அதில் முட்டினான். அம்மாடி! மரம் பறந்தது. கரையில் இருந்த சனமெல்லாம் கை தட்டிச் சிரித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சடையன் ஒரு புள்ளியாகி, புள்ளியும் கரைந்துபோனது.

வரவில்லை. பூமயில் தண்ணீர் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணசந்து விழுந்தாள், விழித்தாள், அதே வெளிச்சம். மறுபடி கண்ணசந்தாள், விழித்தாள், அதே வெளிச்சம். அவன் போய் எத்தனை நேரமாயிற்று என்று கேட்கக்கூட அந்த ஊரில் வழி இல்லை. “வந்துருவான்” என்று சொன்னவர்கள் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்தைப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது ஆலாப் பறவை ஒன்று கடலிலிருந்து கச்சானோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்து, மணலில் தொப்பென்று விழுந்தது.

“அக்கா, உங்க வீட்டுக்காரரைப் பார்த்தேன்.”

“உசுரோட இருக்காகளா?”

“இருக்காரு. பாயைச் சுருட்டி வச்சிட்டுத் துடுப்புப் போடுறாரு. ஆனா ஒரு முழம் முன்னால வந்தா, கச்சான் ரெண்டு முழம் பின்னால தள்ளுறான். குடிக்கக் கொண்டுபோன தண்ணி காலி. நடுக்கடல் வெயிலு, அக்கா. உதடெல்லாம் வெடிச்சுப்போச்சு. நான் சொல்லிட்டேனேன்னு கோவிச்சுக்காதீங்க, இப்படியே போனா தாங்க மாட்டாரு.”

பூமயில் அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள், கையில் கிடைத்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள், கச்சானுக்கு நேரே போய் நின்றாள்.

“டேய் கச்சான், நில்லுடா!”

“நிக்க முடியாது தாயி. ஓடிக்கிட்டே சொல்றேன், நீயும் ஓடிக்கிட்டே கேளு” என்றது காற்று.

அவளும் கூடவே ஓடினாள். மணல் முடிந்து தண்ணீர் வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு விளக்குமாற்றால் காற்றை இரண்டு சாத்துச் சாத்தினாள். காற்றுக்கு என்ன வலிக்கப் போகிறது? ஆனாலும் அதற்கு மனசு நொந்துவிட்டது.

“என் மேல ஏன் பாயுற? என் முதுகுப் பக்கம் பனி, முகத்துக்கு நேரே அடுப்பு. நடுங்குறவன் அடுப்பைப் பார்த்து ஓடாம எங்கே ஓடுவான்? அடுப்பை அந்தப் பக்கம் மாத்தி வை. நானும் அந்தப் பக்கம் ஓடி வாரேன். வர்ற வழியில உன் புருசனையும் தள்ளிக்கிட்டு வந்து கரையில விடுறேன்.”

“சூரியனை நான் எப்படிடா மாத்தி வைப்பேன்?”

“அது அசையாது. அதுக்கு அவ்வளவு திமிரு. படுத்துக் கிடக்கிறாளே, அவளைப் புரளச் சொல்லு.”

“எவ படுத்துக் கிடக்கா?”

“நீ யாரு மேல நிக்கிறியோ அவதான்” என்று கத்திக்கொண்டே கச்சான் கடலுக்குள் ஓடிப்போனான்.

பூமயில் ஈரச் சேலையோடு மணலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தரையைத் தட்டினாள். “ஆத்தா, ஆத்தா” என்று கூப்பிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வளையிலிருந்து ஒரு நண்டு இரண்டு கண்ணையும் தூக்கிப் பார்த்தது. அவள் மீன் காயவைக்கும் இடத்தருகே குடியிருந்த நண்டு அது. செதிலும் குடலும் தின்று கொழுத்து, அவளை மதினி என்று முறை சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தது.

“என்ன மதினி, மண்ணைப் போட்டு அடிக்கிற? அதுக்குக் காது அங்கே இல்லை.”

“வேற எங்கே இருக்கு?”

“என் வீட்டுக்கு அடியில. ஆழமாத் தோண்டும்போதெல்லாம் முனகல் கேக்கும். நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்.”

“பாவி, முன்னாடியே சொன்னா என்ன?”

“நீ கேட்டியா?” என்றது நண்டு. “வாயை வச்சுப் பேசிக்க. சுவரை மட்டும் இடிச்சிராதே.”

பூமயில் குப்புறப் படுத்து நண்டு வளையில் வாயை வைத்தாள்.

“ஆத்தா, தூங்குறியா?”

பிறகு அடியிலிருந்து கரகரத்த குரல் ஒன்று வந்தது. “தூங்கலை. யாரு அது? என்னை இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதே இல்லையே.”

“நான் பூமயிலு. கருவாடு போடுறவ. எங்க வீட்டுக்காரரு நடுக்கடல்ல மாட்டிக்கிட்டாக. கச்சான் திரும்பினாத்தான் அவுக கரைக்கு வர முடியும். நீ கொஞ்சம் புரண்டு படேன் ஆத்தா. சூரியன் இந்தப் பக்கம் வந்துரும்.”

“ஐயையோ, மாட்டேன்!” என்றாள் பூமி. “மேல எத்தனை பிள்ளைக கிடக்கு! நான் புரண்டா கடல் சிந்திரும், மலை உருண்டுரும். கையில பிள்ளை தூங்கும்போது யாராவது கையை உருவுவாளா?”

“கை மரத்துப் போகாதா, ஆத்தா?”

பூமியின் குரல் இறங்கியது. “மரத்து எவ்வளவோ காலமாச்சு. ஒரு பக்கம் எரியுது, ஒரு பக்கம் விறைச்சுக் கிடக்கு. அதுக்கென்ன, இருந்துட்டுப் போகுது.”

“என்ன இருந்துட்டுப் போகுது?” பூமயிலுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரே பக்கமா விட்ட மீன் என்னாகும்னு எனக்குத் தெரியும். மேல் பக்கம் கருகும், அடிப் பக்கம் அழுகும். பாவமேன்னு நான் புரட்டாம விட்டா அது மீனுக்குச் செய்யிற நல்லதா? உன் பிள்ளைகள்ல பாதி வெந்துபோய்க் கிடக்கு, பாதி விறைச்சுக் கிடக்கு. அசையாம வச்சிருக்கேன்னு நீ பெருமைப்பட்டுக்கிட்டு இருக்கே. அதுல என் புருசன் ஒருத்தரு செத்துக்கிட்டு இருக்காரு ஆத்தா!”

கடைசியில் அவள் குரல் உடைந்துவிட்டது. அதைக் கேட்டுப் பூமிக்குப் பொறுக்கவில்லை. “சரி, அழாதே, அழாதே” என்று சொல்லிக்கொண்டே, எத்தனையோ காலமாக அசையாத உடம்பை ஒரே தூக்காகத் தூக்கிப் புரட்டினாள்.

அவ்வளவுதான். கடல் எழும்பி ஊருக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. தென்னையிலிருந்து காய்கள் பொலபொலவென்று கொட்டின. தூங்கிக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டு எழுந்தான், எழுந்து நின்றவன் விழுந்தான். நண்டு வளைக்குள் தண்ணீர் புகுந்து, நண்டு வெளியே வந்து விழுந்தது.

“ஏ மதினி, என் வீடு போச்சே! உன்னைப் பேசத்தானே சொன்னேன்?”

“மெள்ள ஆத்தா, மெள்ள!” என்று கத்தினாள் பூமயில். “வெடுக்குன்னு இழுத்தா தோல் உரிஞ்சிரும். ஓரத்துல விரலைக் கொடுத்து நோகாம எடுக்கணும். புரள்றது மீனுக்கே தெரியக்கூடாது.”

“இப்படியா?”

“இன்னும் மெள்ள.”

“இப்படியா?”

பூமயில் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அசைவே தெரியவில்லை. அலை அதன் இடத்தில் வந்து போனது. தென்னை நிமிர்ந்து நின்றது. “நீ புரள்றியா, இல்லை சும்மா கிடக்கியா?” என்று கேட்டாள்.

“புரண்டுகிட்டுத்தானே இருக்கேன்” என்றாள் பூமி. இன்றைக்கு வரைக்கும் நமக்கு அவள் புரள்வது தெரியாததற்குக் காரணம் பூமயில் அன்று சொல்லிக்கொடுத்த அந்தப் பக்குவம்தான்.

முதலில் கண்டுபிடித்தது ஊர் நாய். பிறந்ததிலிருந்து ஒரு குடிசையின் நிழலில், அதே இடத்தில் படுத்துக் கிடந்த நாய் அது. திடீரென்று வாலில் வெயில் சுட்டது. வாலை மடக்கிக்கொண்டது. முதுகில் சுட்டது. எழுந்து நின்று, “எவன்டா என் நிழலை இழுத்தது?” என்று குரைத்தது. சனம் திரும்பிப் பார்த்தது. நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பனை உயரத்தில் நின்ற சூரியன் மூன்று பனை உயரத்தில் இருந்தது!

சூரியன் ஏற ஏற ஊர் பிரமை பிடித்து நின்றது. பாதி வாயோடு நின்ற பூவரசம்பூக்கள் முழுசாக மலர்ந்தன. தேனீக்கள் எங்கே முதலில் போவது என்று தெரியாமல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நண்டு இடிந்த வீட்டைக் கட்ட வெளியே நின்று மண்ணை வாரியது, முதுகு பொசுங்கியது. “இனிமே நான் வெயில் போன பிறகுதான் வெளியே வருவேன்” என்று சபதம் போட்டுக்கொண்டு உள்ளே ஓடியது. அதுவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வருகிறது.

சூரியன் தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, ஓடிக்கொண்டே இருந்த கச்சான் நின்றான். அவன் நின்று யாரும் பார்த்ததில்லை. மணலில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தான்.

“எனக்கே குழப்பமா இருக்கு தாயி. கரையும் சுடுது, கடலும் சுடுது. அடுப்பு எந்தப் பக்கம்?” என்று சொல்லிவிட்டு, சூடு தாங்காமல் கடலில் இறங்கி முங்கிவிட்டான்.

இலை அசையவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. போய்ப் பார்த்து வந்த ஆலா கீழே இறங்காமல் மேலேயே சுற்றியது.

“சொல்லு” என்றாள் பூமயில்.

“படுத்துட்டாரு அக்கா. துடுப்புத் தண்ணியில மிதக்குது. கூப்பிட்டேன், கண்ணைத் திறந்தாரு. கையைத் தூக்க முடியலை.”

காற்று பின்னால் தள்ளியபோதாவது அவன் துடுப்புப் போட்டான். இப்போது காற்றே இல்லை. நாமே புருசனைக் கொன்றுவிட்டோம் என்று பூமயில் நினைத்தாள். அவளுக்கு வேறு யாரையும் திட்டத் தோன்றவில்லை. பொசுக்குகிற மணலில் வெறுங்காலோடு நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது நெற்றியில் ஏதோ பட்டது. வேர்வையில் ஒரு சில்லிப்பு. இன்னொரு தரம் பட்டது. எப்போதும் முன்னால் பறந்துகொண்டிருக்கும் அவள் தலைமுடி பின்னால் பறந்தது. சேலை முந்தானை ஊர்ப் பக்கமாகப் படபடத்தது. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் காற்று முகத்துக்கு நேரே வந்தது, உப்பு மணத்தோடு.

“கரைதான் இப்போ அடுப்பு!” என்று கூவிக்கொண்டே கடலுக்குள்ளிருந்து அவன் ஓடிவந்தான். அதே கச்சான்தான். ஆனால் கடலில் குளித்த ஈரத்தோடு, ஆள் அடையாளமே தெரியாமல் மாறியிருந்தான். கிழக்கேயிருந்து வந்த அந்தக் காற்றுக்குக் கொண்டல் என்று அப்போதுதான் பேர் வைத்தார்கள்.

ஆலா ஒரே பாய்ச்சலாக நடுக்கடலுக்குப் பறந்து, சடையனின் நெஞ்சில் உட்கார்ந்து காதில் கத்தியது. “அண்ணே, பாயை விரிங்க! காத்து கரைக்குப் போகுது! எழுந்திரிங்க அண்ணே!”

சடையன் எழவில்லை. படுத்தபடியே பல்லால் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தான். பாய் தானாகவே விரிந்தது. கொண்டல் அதில் முட்டினான். மரம் ஓட ஆரம்பித்தது.

கரையில் ஊர் முழுக்க நின்றது. முதலில் புள்ளி தெரிந்தது, அப்புறம் பாய் தெரிந்தது. சூரியன் தலையைத் தாண்டி மேற்கே நன்றாகச் சரிந்தபோது மரம் மணலில் வந்து முட்டி நின்றது. பூமயில் ஓடிப்போய் அவன் தலையை மடியில் தூக்கி வைத்து, வாயில் துளித்துளியாகத் தண்ணீர் விட்டாள். அவன் விழுங்கினான். இன்னும் கொஞ்சம் விட்டாள். அதையும் விழுங்கினான். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, “கை இருக்குன்னு சொன்னீகளே, எங்கே அந்தக் கை? காட்டுங்க, ஒடிச்சுப் போடுறேன்!” என்று திட்டினாள். சடையன் வெடித்த உதட்டோடு சிரித்தான். ஊரே சிரித்தது. இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை எல்லாரும் ஒரே சமயத்தில் விட்டார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நமக்குப் பகல் மட்டுமே, அரை நாள்தான் கிடைத்திருக்கும்.

நண்டு வளையிலிருந்து பூமியின் குரல் கேட்டது. “மகளே, வந்துட்டானா?”

பூமயில் ஓடிப்போய்க் குப்புறப் படுத்தாள். “வந்துட்டாக ஆத்தா. பத்திரமா வந்துட்டாக. நீ நல்லா இருப்பே.”

“அப்போ இங்கேயே நின்னுக்கவா?”

பின்னால் நின்ற சனமெல்லாம் நிற்கட்டும், நிற்கட்டும் என்று கத்தியது. கதகதப்பாக வெயில், மலர்ந்த பூ, குளிர் காற்று, யாருக்குத்தான் கசக்கும்? பூமயிலுக்கு அவர்களைவிட ஆசை. இங்கேயே நின்றுவிட்டால் காற்று எப்போதும் கரைக்குத்தான் வீசும். எதிர்காற்றில் பாய் கட்டிக்கொண்டு ஒருத்தனும் கிளம்ப முடியாது. சடையன் இனிமேல் அவள் கண்ணைத் தாண்டிப் போகவே மாட்டான். பசித்தால் பசிக்கட்டும், கிழங்கு தோண்டித் தின்றாவது இருந்துகொள்ளலாம். ‘நின்னுக்கோ ஆத்தா’ என்ற சொல் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

சொல்வதற்கு முன்னால், ஏன் கேட்டாளோ, “உனக்கு இப்போ எப்படி இருக்கு, ஆத்தா?” என்று கேட்டாள்.

“எனக்கா?” பூமிக்கு அப்படி யாரும் கேட்டுப் பழக்கமில்லை. “என்னத்தைச் சொல்ல, மகளே! எரிஞ்ச பக்கம் கொஞ்சம் கொஞ்சமா ஆறுது. விறைச்ச பக்கத்துல ரத்தம் ஓடுது. மரத்துப்போன கை இப்போதான் என் கைன்னு தெரியுது. மேற்கே பனியில கிடந்த ஆந்தைக் குஞ்சுகளுக்கு முதல் தடவையாக் கண்ணுல வெளிச்சம் பட்டுச்சாம், கூத்தாடுதுக. இப்படி ஒரு சுகம் இருக்குன்னே எனக்குத் தெரியாமப் போச்சு.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள், “ஆனா நீ நிக்கச் சொன்னா நின்னுக்கிறேன். எனக்குப் பழக்கம்தானே.”

பூமயில் தலையைத் திருப்பிச் சடையனைப் பார்த்தாள். அவன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். வளைக்குள்ளிருந்து பூமியின் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது, நோவு விட்டவள் விடுகிற நீளமான மூச்சு. அவளும் இப்போதுதான் அப்படி ஒரு மூச்சு விட்டிருந்தாள். ஒருத்திக்குக் கிடைத்த அந்த மூச்சைத் திருப்பிப் பிடுங்க அவளால் முடியவில்லை.

“நிக்காதே ஆத்தா. புரண்டுகிட்டே இரு.”

“உன் புருசன் மறுபடியும் போயிருவானே?”

“போவாக. அவுக போற காத்தை நீ கொடுத்தா, வர்ற காத்தையும் நீதான் கொடுக்கணும். எனக்கு அது ஒண்ணு போதும். சத்தியம் பண்ணு.”

“சத்தியம்” என்றாள் பூமி.

சூரியன் மேற்கே ஊருக்குப் பின்னால் இறங்கியது. இருட்டு வந்தது. அந்தக் கரை அதுவரை இருட்டைப் பார்த்ததில்லை. சனம் ஒருத்தரையொருத்தர் கட்டிக்கொண்டு நடுங்கியது. புளியமரம் பயத்தில் இலையையெல்லாம் மடக்கிக்கொண்டது. “ஒண்ணுமில்லை, ஆத்தா அந்தப் பக்கம் புரள்றா. சும்மா படுங்க” என்றாள் பூமயில். படுத்தார்கள். அந்த ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்கியது அன்றைக்குத்தான். குறட்டைகூட ஒருத்தருக்கொருத்தர் தொந்தரவாக இல்லை. ஆந்தைகள் மட்டும் விழித்திருந்தன. இருட்டிலேயே வளர்ந்ததுகளுக்கு அதுதான் வசதி. நண்டு வெளியே வந்து நிம்மதியாக வீடு கட்டியது.

விடிவதற்கு முன்னால் கரை குளிர்ந்துபோய், கச்சான் மேற்கேயிருந்து மெதுவாகக் கிளம்பினான். சடையன் எழுந்தான். பாயை எடுத்து மரத்தில் கட்டினான். பூமயில் மரத்தின் மறுமுனையைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டாள்.

“எப்போ வருவீக?” என்று கேட்டாள். அப்படிக் கேட்கிற பாக்கியமே அவளுக்குப் புதிது.

“காத்து திரும்பினதும்.”

அவன் போனான். கிழக்கு வெளுத்தது. சேவல் எப்போது கூவுவது என்று புரிந்துகொண்டு ஒரே ஒரு தரம் கூவியது. சூரியன் ஏறியது, நாய் நிழலோடு கூடவே நகர்ந்து படுத்தது. பூமயில் வேலையில் கை ஓடாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிக் கச்சான் ஓய்ந்தபோது அவள் நெஞ்சும் கூடவே நின்றது. அப்புறம் கிழக்கேயிருந்து ஒரு சில்லிப்பு வந்து நெற்றியில் பட்டது. சொன்ன சொல்லை ஆத்தா காப்பாற்றிவிட்டாள். பூமயில் சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

அன்று முதல்தான் பூமி நிற்காமல் புரண்டுகொண்டிருக்கிறாள், இரவெல்லாம் கரைக்காற்று மரங்களைக் கடலுக்கு அனுப்ப, பகலில் கடல்காற்று அவற்றைக் கூட்டி வருகிறது. இன்றைக்கும் அந்தக் கரையில் முகத்தில் கொண்டல் பட்டதும் பெண்கள் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் போய் உலை வைத்துவிடுகிறார்கள்.